பொய்ப்பல்

பம்புக்காரர் மனைவியிடம் பொய் சொன்னது அது முதல் தடவை அல்ல. ஆனால் பல்லின் பேரில் சொன்னது அதுதான் முதல் தடவை. திட்டம் போட்டுச் சொன்ன பொய்கூட இல்லை. வாய் தவறி வந்துவிட்டது. வாய் தவறினால் பழியைப் பல்மேல் போடுவதுதானே முறை?

கடைத்தெருக் கோடியில் அவருடைய பட்டறை. தண்ணீர் இறைக்கிற மோட்டார், பம்பு எது வந்தாலும் பிரித்துப் போட்டு, தட்டி, துடைத்து, ஓடவிட்டு அனுப்புவார். வயசு ஐம்பதைத் தாண்டியாகிவிட்டது. சர்க்கரை வியாதி உடம்பில் பத்து வருஷத்துக் குடித்தனம். வாடகையும் தராது, காலியும் செய்யாது. அந்தக் குடித்தனக்காரன் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுச் சாமான்களிலேயே கை வைக்க ஆரம்பித்தான். முதலில் கண்ணாடிப் பவர் ஏறியது. அப்புறம் கால்விரல் மரத்தது. அப்புறம் போனது வெளியே சொல்ல முடியாத சமாசாரம். ஊரான் வீட்டுப் பம்பெல்லாம் அவர் கை பட்டால் சீறிக்கொண்டு கிளம்பும். சொந்த விஷயத்தில் சத்தமே இல்லை.

அதற்கு அவர் கண்டுபிடித்த வைத்தியம், தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போனது. "முதுகு வலிக்குது, கட்டில் ஒத்துக்கல" என்றார். போய் ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது.

மனைவிக்குத் தண்ணீர் வாரியத்தில் வேலை. புகார்ப் பிரிவு. காதில் போனை மாட்டிக்கொண்டு சாயங்காலம் வரைக்கும் ஜனங்கள் கத்துவதைக் கேட்க வேண்டும். "நாலு நாளா சொட்டுத் தண்ணி வரலை" என்று ஒருத்தர் கத்தினால், நிஜமாகவே குழாய் உடைந்திருக்கிறதா, இல்லை தன் வீட்டு வால்வைத் தானே மூடிவைத்துவிட்டுக் கத்துகிறாரா என்று குரலை வைத்தே சொல்லிவிடுவாள். முப்பது வருஷமாகக் கூடக் குடித்தனம் நடத்தும் பம்புக்காரருக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்தே போய்த் தலையைக் கொடுக்கிறவரை என்ன செய்வது?

அன்றைக்குக் காலையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து போன். மோட்டார் நின்றுவிட்டது, உடனே வரணும் என்றார்கள். போனார், பார்த்தார், ஓடவிட்டார். கையைத் துடைத்துக்கொண்டு நடையில் வரும்போது ஒரு கதவில் போர்டு. 'ஆண்களுக்கான தனி ஆலோசனை.' போர்டைத் தாண்டி நாலடி நடந்தார். திரும்பி வந்தார். மறுபடி தாண்டினார். மூன்றாவது தடவை கதவு தானாகவே திறந்து, நர்ஸ் எட்டிப்பார்த்து, "உள்ள வாங்க, டாக்டர் ஃப்ரீயாத்தான் இருக்கார்" என்றாள். விதி என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

டாக்டர் நிதானமான மனிதர். எல்லாவற்றையும் கேட்டார்.

"மாத்திரை போட்டுப் பார்த்தீங்களா?"

"பார்த்தாச்சு டாக்டர். ஒரு பிரயோஜனமும் இல்ல. வேற ஏதாவது உண்டா? ஒரே அடியா சரியாகற மாதிரி?"

"கடைசி வழின்னு ஒண்ணு இருக்கு. ஆபரேஷன். உள்ளே இம்ப்ளான்ட் வைக்கறது. அதுல ரெண்டு வகை. ஒண்ணு வளையற தண்டு மாதிரி. வேணும்போது நிமிர்த்திக்கலாம், மத்த நேரத்துல மடக்கிக்கலாம்."

"மேஜை விளக்குக் கழுத்து மாதிரியா?"

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "அப்படியும் சொல்லலாம். இன்னொண்ணு பம்பு."

பம்புக்காரர் நாற்காலி நுனிக்கு வந்தார். "பம்பா!"

டாக்டர் மேஜை டிராயரிலிருந்து ஒரு மாதிரியை எடுத்துக் கையில் கொடுத்தார். மெல்லிசாக இரண்டு உருளை, பெருவிரல் அளவில் ஒரு பம்பு, ஒரு குட்டித் தொட்டி, நடுவில் குழாய்.

"தொட்டி அடிவயித்துக்குள்ள இருக்கும். பம்பு விதைப்பைக்குள்ள. அமுக்கினா உப்புத்தண்ணி உருளைக்குள்ள ஏறும். முடிஞ்சதும் இந்த இடத்தை அமுக்கினா தண்ணி தொட்டிக்கே திரும்பிடும். வெளியில பார்த்தா ஒண்ணும் தெரியாது."

"வால்வு இருக்கா?"

"இருக்கு."

"ஏர் பிடிக்குமா?"

"பிடிக்காது. மூடித்தான் வைப்போம்."

"வாஷர் தேஞ்சா?"

"வாஷரே கிடையாது."

"வாஷர் இல்லாத பம்பா?" பம்புக்காரருக்கு முதல் சந்தேகம் அங்கேதான் முளைத்தது. "எத்தனை வருஷம் உழைக்கும்?"

"பத்துப் பதினஞ்சு வருஷம் பெரும்பாலும் தொந்தரவு தராது. சிலருக்கு முன்னாடியே மாத்த வேண்டி வரலாம்."

"மாத்தறதுன்னா..."

"மறுபடியும் ஆபரேஷன். அதனாலதான் அவசரப்படாதீங்கன்னு சொல்றேன். ஒரு தடவை வெச்சாச்சுன்னா, இயற்கையா மிச்சமிருக்கறதும் போயிடும். திரும்பிவர வழி கிடையாது. மனைவிகிட்ட பேசினீங்களா?"

"பேசியாச்சு டாக்டர்."

"என்ன சொன்னாங்க?"

"அவளா? உங்க இஷ்டம்னுட்டா."

முப்பது வருஷத்தில் அவள் வாயிலிருந்து வராத வாக்கியம் அது.

"அப்படியா, நல்லது. முதல்ல சர்க்கரை இறங்கணும். இப்ப இருக்கற அளவுல கத்தி வெச்சா புண்ணு ஆறாது. சிகரெட்டை நிறுத்துங்க. மூணு மாசம் கழிச்சு வாங்க, மனைவியையும் கூட்டிட்டு. அந்த மாதிரியைக் கொஞ்சம் குடுங்க."

பம்புக்காரர் குனிந்து பார்த்தார். பேச்சு சுவாரசியத்தில் கைவிரல்கள் தங்கள் வேலையைப் பார்த்திருந்தன. மாதிரி நாலு துண்டாகக் கிடந்தது. "பழக்கதோஷம்" என்று அசடு வழியச் சிரித்துவிட்டு, மளமளவென்று பூட்டிக் கொடுத்தார். மேஜைமேல் ஒரு சின்னத் துண்டு மிச்சம் இருந்தது. அதை இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது தலைக்குள் ஒரே சந்தை. தண்டா, பம்பா? வைக்கறதா, விடறதா? தட்டைப் பார்த்துக்கொண்டே, "இம்ப்ளான்ட்..." என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

"என்ன பிளான்ட்டு?" என்றாள் மனைவி. "தொட்டியில வைக்கறதா?"

"தொட்டி அடிவயித்துல..." என்று ஆரம்பித்தவருக்குச் சட்டென்று விழிப்பு வந்தது. "இம்ப்ளான்ட். இது... வந்து... பல்லுக்கு."

"பல்லுக்கா?"

"பல்லுக்குத்தான். டாக்டர் சொன்னார்."

மனைவி கரண்டியை வைத்துவிட்டு அவரையே பார்த்தாள். புகார் கேட்கிற பார்வை.

"எந்தப் பல்லு?"

"உள்ள... பின்னால."

"வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்ல. வேலை செய்யல."

"பல்லு வேலை செய்யலையா?"

"அதாவது... சரியா நிக்கல."

"ஓஹோ." அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "நிக்காத பல்லை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? போட்டுடுங்க."

அவ்வளவுதான். இவ்வளவு சுலபமாக நம்பிவிட்டாளே என்று பம்புக்காரர் இன்னொரு கவளம் கூடவே சாப்பிட்டார்.

மறுநாள்தான் வினை ஆரம்பித்தது. சாயங்காலம் மைத்துனன் வந்தான். மனைவியின் தம்பி, பஸ் கண்டக்டர். அவன் ரகசியம் பேசினால்கூடக் கடைசி சீட்டுவரைக்கும் கேட்கும்.

"மாமா! அக்கா சொல்லிச்சு. இம்ப்ளான்ட் போடப் போறீங்களாமே!"

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

"மெதுவா பேசு மாப்ளே."

"இதுல என்ன மாமா வெட்கம்? நானே போட்டிருக்கேன்."

"நீயுமா?" பம்புக்காரர் அசந்துபோய்விட்டார். பல் விஷயம் ஞாபகத்துக்கு வர ஒரு நிமிஷம் ஆயிற்று.

"ஒண்ணு இல்ல மாமா, ரெண்டு."

"ரெண்டா!"

"முதல் ரெண்டு வாரம் வீக்கம் இருக்கும். பயந்துடக்கூடாது. அப்புறம் பாருங்க, கல்லு மாதிரி நிக்கும்."

"அசையாதா?"

"அசையறதாவது! எங்க வீட்டுக்காரியே சொல்றா, ஒரிஜினலைவிட இதுதான் அழகுன்னு. பஸ்ல தினமும் எத்தனை பேர் பார்த்து விசாரிக்கறாங்க தெரியுமா?"

"பஸ்லயா?"

"டிக்கெட் குடுக்கும்போது சிரிச்சுதானே குடுக்கணும்?"

பல்லைப் பற்றித்தான் பேசுகிறான் என்று பம்புக்காரரின் புத்திக்குத் தெரிந்தது. காதுக்குத் தெரியவில்லை. ஆனாலும் 'கல்லு மாதிரி' என்ற வார்த்தை மனசில் தங்கிவிட்டது. வைத்துவிடுவது என்று அன்றைக்கே முடிவு கட்டினார்.

அந்த முடிவு மாமியாரின் போன் வருகிறவரைக்கும்தான் உயிரோடு இருந்தது.

"மாப்பிள்ளை, இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இந்தத் தறிகெட்ட வேலை? வெட்டி, திருகாணி முறுக்கி வைப்பாங்களாமே!"

"திருகாணியெல்லாம் இல்ல அத்தை."

"உங்க மாமனார் கழட்டி மாட்டறதுதான் வெச்சிருந்தார். வேணும்கறப்போ மாட்டிப்பார். மத்த நேரம் டம்ளர் தண்ணியில போட்டு அலமாரியில வெச்சுடுவார். ஒரு தொல்லை கிடையாது."

பம்புக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். மூடியபிறகும் டம்ளர் தெரிந்தது.

"ஒரு தடவை கல்யாண வீட்டுல மறந்து வெச்சுட்டு வந்துட்டார். யாரோ எடுத்து மாட்டிப் பார்த்திருக்காங்க. அளவு சேரல."

போனை வைத்துவிட்டு, நேராகச் சமையலறைக்குப் போனார்.

"இதை ஏன் ஊரெல்லாம் தண்டோரா போடறே?"

"பல்லுதானேங்க?" என்றாள் மனைவி, கண்ணை அகல விரித்து. "இதுல மறைக்கறதுக்கு என்ன இருக்கு?"

என்ன இருக்கிறது என்று சொல்ல முடியாமல், தண்ணீர் குடிக்க வந்தவர் மாதிரி ஒரு டம்ளரை எடுத்தார். எடுத்த வேகத்தில் வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. பட்டறையில் வருகிறவர்கள் எல்லாம் அவருக்கு அசரீரிகளாகிவிட்டார்கள். ஒருத்தர் புதுப் பம்பைத் தோளில் தூக்கிவந்து, "வாங்கி வருஷம்கூடத் திரும்பலைங்க, அதுக்குள்ள ஒழுகுது" என்றால், பம்பு வேண்டாம், தண்டுதான். இன்னொருத்தர், "வளைச்சு வளைச்சு இந்தக் கம்பியே ஒடிஞ்சுபோச்சுங்க" என்றால், தண்டும் வேண்டாம். பிற்பகலில் துருப்பிடித்த கிழட்டுப் பம்பு ஒன்று வரும். "எங்க அப்பா காலத்துது. ஒருநாள் மக்கர் பண்ணினதில்ல. சும்மா எண்ணெய் போட்டுக் குடுங்க." உடனே, பம்புதான்! கடையை மூடும்போது யாராவது, "ஓடற வரைக்கும் ஓடட்டும், விடுங்க" என்று எதையோ சொல்லிவிட்டுப் போவார்கள். போயிற்று, எதுவுமே வேண்டாம். இப்படி ஒரே நாளில் அவருக்கு நாலு தடவை ஆபரேஷன் நடந்து, நாலு தடவையும் ரத்தாகிவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் குழப்பம் இல்லை. சர்க்கரை இறங்க வேண்டும். அதை மனைவிக்குச் சந்தேகம் வராமல் எப்படிச் செய்வது என்று அவர் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, அவளே வந்து மாட்டினாள்.

"ஏங்க, பல்லு வைக்கறதுன்னா சர்க்கரை குறைச்சலா இருக்கணுமாமே? இல்லைன்னா ஈறு ஆறாதாம். தம்பி சொன்னான்."

"அப்படியா சொன்னான்?" என்று அப்பாவி மாதிரி கேட்டார்.

"நாளையிலிருந்து காலையில நடக்கணும். டீயில சர்க்கரை கிடையாது. சிகரெட்டைத் தொடக்கூடாது, புதுப் பல்லு கறை பிடிச்சுடும்."

இதே மூன்றையும் பத்து வருஷமாக அவள் கெஞ்சியும் கொஞ்சியும் மிரட்டியும் பார்த்தவள். ஒன்றுக்கும் அசையாதவர் இப்போது, "சரி, உனக்காகத்தான்" என்று பெரிய மனசு பண்ணி ஒத்துக்கொண்டார். உள்ளுக்குள் ஒரே கும்மாளம். தான் ஏமாறுவது தெரியாமலேயே எனக்கு ஒத்தாசை பண்ணுகிறாளே, பாவம்!

நடந்தார்கள். முதல் வாரம் அவள் முன்னால், அவர் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால். போகப் போகச் சேர்ந்தாற்போல நடந்தார்கள். வீட்டில் பேசாத பேச்செல்லாம் பூங்காவில் வந்தது. அவள் ஆபீஸ் புகார்களைச் சொன்னாள். குழாயில் மீன் வருகிறது என்று கூப்பிட்டவர், பக்கத்து வீட்டுக்காரன் அதிகமாகக் குளிக்கிறான் என்று கூப்பிட்டவர், தண்ணீரைப் பற்றி ஒன்றும் இல்லாமல் சும்மா யாரிடமாவது பேச வேண்டும் என்று வாராவாரம் கூப்பிடுகிற ஒரு கிழவர். பம்புக்காரர் சிரித்துச் சிரித்துப் புரையேறினார். இடுப்புப் பெல்ட்டுக்குப் புதிதாக ஓட்டை போட வேண்டி வந்தது.

ஒருநாள் அவள் செருப்புக்குள் கல் புகுந்துவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்தாள். அவர் குனிந்து செருப்பை வாங்கி உதறிக் கொடுத்தார். எழுந்திருக்கும்போது அவள் பிடிமானத்துக்கு அவர் தோளில் கை வைத்தாள். எழுந்த பிறகும் கையை எடுக்கவில்லை.

பம்புக்காரருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சிலிர்த்த கையோடு பயமும் வந்தது. இதற்கு மேல் என்ன வரும், வந்தால் தன்னால் என்ன ஆகும் என்ற பயம். "யாரோ கூப்பிடற மாதிரி இருக்கு" என்று சட்டைப்பையைத் தடவிக்கொண்டு நகர்ந்துவிட்டார். போன் வீட்டில் இருந்தது. அவள் கையைத் தன் பையின் வாருக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள். அன்றைக்கு மறுபடியும் அவள் முன்னால், அவர் பின்னால். ஆனது ஆகட்டும், வைத்துவிடுவதுதான் என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டு தீர்மானம் செய்தது அன்றைக்குத்தான்.

மூன்று மாசம் முடிந்தது. ரத்தப் பரிசோதனை கொடுத்தாகிவிட்டது. "பல் டாக்டர்கிட்ட போயிட்டு வந்துடறேன்" என்று காலையிலேயே கிளம்பினார். 'மனைவி எங்கே' என்று டாக்டர் கேட்டால் 'லீவு கிடைக்கல' என்று சொல்ல வேண்டும். வழியெல்லாம் அதை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார்.

நடையில் திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார். டாக்டர் அறைக்கு வெளியே, இரும்பு நாற்காலியில், ஆபீஸ் பையை மடியில் வைத்துக்கொண்டு மனைவி உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க" என்றாள். "பல்லு டாக்டர் இந்த ரூமுக்கு மாறிட்டாரா?"

பம்புக்காரர் போர்டைப் பார்த்தார். போர்டில் பல் இல்லை.

"நீ... எப்படி இங்க?"

"வாயைத் திறங்க."

"எதுக்கு?"

"திறங்கன்னா!"

திறந்தார்.

"முப்பத்திரண்டும் அப்படியே இருக்கு. ஒண்ணு விழல, ஒண்ணு ஆடல. எந்த இடத்துல நடப் போறாங்க? மூக்குலயா?"

அவருக்கு வாயை மூட மறந்துபோயிற்று. அவளே முகவாயைத் தட்டி மூடினாள்.

"அன்னிக்கே தெரியுமா?"

"அதுக்கு முன்னாடியே தெரியும். உங்க சட்டைப்பையில மாத்திரை அட்டை இருந்துது. மருந்துக்கடையில காட்டி இது எதுக்குன்னு கேட்டேன். அந்த ஆள் சிரிச்சான். நானும் சிரிச்சுவெச்சேன்."

"அப்போ நான் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தது..."

"தண்ணி வரலைன்னு எங்க ஆபீசுக்குத்தான் கூப்பிட்டாங்க. லைன்ல பிரஷர் சரியா இருக்கு, உங்க மோட்டார்தான் போயிடுச்சுன்னு சொல்லி உங்க நம்பரைக் குடுத்தேன். போன வருஷம் நான் கண் காட்ட வந்தப்பவே இந்த போர்டைப் பார்த்திருக்கேன். மோட்டார் ரூமுக்கு இந்த வழியாத்தான் போகணும். நீங்கதான் மிட்டாய்க் காகிதத்தைக்கூட விடாம படிக்கற ஆளாச்சே."

விதி என்று அவர் நினைத்தது புகார்ப் பிரிவில் வேலை பார்க்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

"எங்கிட்ட நேரா கேட்டிருக்கலாமே?"

"கேட்டா என்ன சொல்லியிருப்பீங்க?"

நேர்மையாக யோசித்துப் பார்த்தார். "முதுகு வலின்னு சொல்லியிருப்பேன்."

"அதான்." அவள் பையின் வாரை முறுக்கினாள். குரல் கொஞ்சம் இறங்கியது. "ஒன்றரை வருஷம். நான் என்ன நினைச்சிருப்பேன்னு ஒருநாளாவது யோசிச்சீங்களா?"

"என்ன நினைச்சே?"

"முதல்ல வேற யாரோ இருக்காங்கன்னு நினைச்சேன். அப்புறம் உங்களை நல்லா ஒரு தடவை பார்த்தேன். அந்தச் சந்தேகம் போயிடுச்சு."

பம்புக்காரருக்குக் கோபப்படுவதா சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை.

"அப்புறம், என்னைத்தான் பிடிக்காம போச்சுன்னு நினைச்சேன். அந்தச் சந்தேகம் போகத்தான் ரொம்ப நாள் ஆச்சு."

அவர்  பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அவள் மடியிலிருந்த பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். அதற்குள் நர்ஸ் கூப்பிட்டுவிட்டாள்.

டாக்டர் பரிசோதனை முடிவைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். "பிரமாதம் சார்! இவ்வளவு இறங்கும்னு நான் எதிர்பார்க்கல. எப்படிச் சாதிச்சீங்க?"

"பல்லுக்காகப் பண்ணார் டாக்டர்" என்றாள் மனைவி.

"பல்லுக்கா?"

"அது எங்க வீட்டு விஷயம். எனக்கு ஒரு சந்தேகம். மாத்திரை வேலை செய்யலைன்னு உங்ககிட்ட சொன்னாரா?"

"ஆமா. போட்டுப் பார்த்ததாச் சொன்னார்."

"எனக்குத் தெரியாம எப்படிப் போட்டுப் பார்த்தார்? அதான் சந்தேகம்."

 டாக்டர் மெதுவாகப் பம்புக்காரர் பக்கம் திரும்பினார்.

"மாத்திரையை எப்போ போட்டீங்க சார்?"

"காலையில. கடை திறந்ததும்."

"கடையிலயா?"

"எதையும் வீட்டுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி பட்டறையில ஓட்டிப் பார்த்துடறது வழக்கம் டாக்டர்."

"சரி. போட்டுட்டு என்ன பண்ணீங்க?"

"செம்புக் கம்பி சுத்தி மோட்டாருக்குக் காயில் கட்டினேன்."

"பக்கத்துல யாரு இருந்தாங்க?"

"ஒரு பழைய மோட்டார். அப்புறம் சிமென்ட் கடைக்காரர் வந்தார். தொட்டி நிறைய மாட்டேங்குதுன்னு ஒரே சத்தம்."

"அப்புறம்?"

"மத்தியானம் வரைக்கும் பார்த்தேன். ஒண்ணும் ஆகல."

"ஒரு தடவைதான் பார்த்தீங்களா?"

"மூணு நாலு தடவை பார்த்தேன் டாக்டர். ஒரு தடவை லீவு நாள்லகூடப் போனேன். ஷட்டரை இறக்கிட்டு, யாரும் இல்லாம நிம்மதியா உட்கார்ந்து பார்த்தேன். மாத்திரை சரக்கு மோசம்னு விட்டுட்டேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார். மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

"சார்" என்றார் டாக்டர், குரலைச் சரிப்படுத்திக்கொண்டு. "முதல்ல, டாக்டரைக் கேட்காம அதைப் போட்டதே தப்பு. ரெண்டாவது, அந்த மாத்திரை ஸ்விட்ச் இல்ல. ரத்தம் போற வழியைச் சுலபமாக்கும், அவ்வளவுதான். மனசுல ஆசைன்னு ஒண்ணு கிளம்பணும். அதுக்குப் பக்கத்துல ஆள் வேணும். சிமென்ட் கடைக்காரர் போதாது."

"வால்வைத் திறந்து வெச்சுட்டு லைன்ல தண்ணியே விடல" என்றாள் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பம்பு சரியில்லைன்னு புகார். தினமும் பத்துப் பேர் இப்படித்தான் கூப்பிடறாங்க டாக்டர்."

பம்புக்காரர் தரையைப் பார்த்தார். தொழில் தெரிந்தவனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

டாக்டர் இருவரையும் பார்த்துப் பொதுவாகப் பேசினார். "ஆபரேஷனைத் தப்புன்னு சொல்ல மாட்டேன். வேற வழியில்லாதவங்களுக்கு அது நல்ல வழி. வெச்சுக்கிட்டு சந்தோஷமா இருக்கறவங்க நிறைய பேர். ஆனா அது திரும்பி வராத பாதை. அதுக்கு முன்னாடி இருக்கற பாதையில நீங்க நடக்கவே இல்ல. மாத்திரையை என் மேற்பார்வையில ஒழுங்காப் போட்டுப் பார்க்கலாம், ரெண்டு பேருமா. கேட்கலைன்னா ஊசி இருக்கு, வேற சாதனமும் இருக்கு. எதுவுமே கேட்கலைன்னா ஆபரேஷன் எங்கேயும் ஓடிப்போகாது. இல்ல, இப்பவே செஞ்சுக்கறேன்னாலும் சர்க்கரை இறங்கியிருக்கு, செய்யலாம். எதையும் மறைக்காம சொல்லிட்டேன். உடம்பு உங்களுது. முடிவும் உங்களுதுதான்."

"ஆமா டாக்டர்" என்றாள் மனைவி. "அவர் உடம்பு, அவரே முடிவு பண்ணட்டும். நான் வாயே திறக்க மாட்டேன்."

இரண்டு பேரும் அவரைப் பார்த்தார்கள்.

பம்புக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். குடும்பத் தலைவன் ஒருத்தனின் வாயிலிருந்து தீர்மானமான ஒரு வார்த்தை வரவேண்டிய நேரம் அது. தண்டு, பம்பு, மாத்திரை, ஊசி, மைத்துனனின் சிரிப்பு, மாமனாரின் டம்ளர் எல்லாம் தலைக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவந்தன. தொண்டையைக் கனைத்தார்.

"டாக்டர், நான் நல்லா யோசிச்சு ஒரு முடிவுக்கு வந்துட்டேன்" என்றார் கம்பீரமாக. பிறகு மெல்ல மனைவியின் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"என்ன முடிவுக்கு வந்திருக்கேன்?"